எந்த ஊர் பொக்கதீயோ?

ஸ்பானிய மொழி மெனுவில் ஒரு வரி: பொக்கதீயோ கோன் கேசோ, அதாவது சீஸோடு பொக்கதீயோ. கடை மாட்ரிட்டில் இருந்தால், நீளமான ரொட்டியை நீளவாக்கில் பிளந்து நடுவில் சீஸ் வைத்துத் தருவார்கள். கடை போகோட்டாவில் இருந்தால் அதில் ரொட்டியே கிடையாது. கொய்யாப்பழக் கூழைச் சர்க்கரையோடு கிளறி, கத்தியால் வெட்டும் பதத்துக்கு இறுக்கி, வில்லை போடுவார்கள். கொலம்பியாவில் அதற்குத்தான் பொக்கதீயோ என்று பெயர். கூடவே வெள்ளை சீஸ் ஒரு துண்டு. வெலெஸ் என்ற ஊர்ச் சரக்கு பேர்பெற்றது. பார்க்க வாழையிலை மாதிரி இருக்கும் பிஹாவோ இலையில் பொதிந்து விற்பார்கள். ஒரே எழுத்து, ஒரே உச்சரிப்பு. ஒருவருக்கு மதியப் பசிக்கு ஆகும், இன்னொருவருக்குச் சாப்பாட்டுக்கு அப்புறம் வாயில் போட்டுக்கொள்ள ஆகும்.

இது எங்களுக்கு வெறும் வேடிக்கை இல்லை. உணவகங்கள் டெலிவரி ஆப்புக்கு அனுப்பும் மெனுக்களைப் படித்து, ஒவ்வொரு பண்டத்துக்கும் கட்டங்களில் டிக் போடுவது என் வேலை. சைவமா, கோதுமை உண்டா, பால் உண்டா, முட்டை உண்டா, நிலக்கடலை உண்டா, காரமா. எங்கள் குழுவுக்கு வருபவை எல்லாம் ஸ்பானிய மொழி மெனுக்கள். உட்கார்ந்திருப்பது சென்னை ஓ.எம்.ஆரில், படிப்பது லிமா, மெக்சிகோ நகரம், புவெனஸ் ஐரிஸ், செவில்லா. புதிதாகச் சேர்ந்த பெண் பக்கத்து நாற்காலியிலிருந்து கேட்பாள்: "அக்கா, இந்தப் பொக்கதீயோவுக்குக் கோதுமை டிக் போடணுமா?" நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "எந்த ஊர் கடைம்மா?"

நாங்கள் எல்லோரும் ஸ்பானியம் படித்தது ஸ்பெயினில் அச்சான புத்தகங்களில். அதில் 'உணவும் பானமும்' என்று ஒரு பாடம் கண்டிப்பாக இருக்கும். ஆப்பிள் படம் போட்டு மன்சானா, பால் படம் போட்டு லேச்சே, அவரை விதை மாதிரி ஏதோ படம் போட்டு ஹுதீயா. மனப்பாடம் செய்தோம், பரீட்சையும் எழுதினோம். வேலைக்கு வந்த பிறகுதான் அந்த ஹுதீயா எவ்வளவு குறுகிய வட்டத்துக்குள் வாழ்கிறது என்று தெரிந்தது. மெக்சிகோவில் அது ஃப்ரிஹோல். அர்ஜென்டினாவிலும் சிலியிலும் பொரோத்தோ. வெனிசுவேலாவில் கராவோத்தா. புவெர்தோ ரிக்கோவில் அபிச்சுவேலா. சரி, அபிச்சுவேலா என்றால் விதை என்று எழுதி வைத்துக்கொண்டு கொலம்பிய மெனுவைத் திறந்தால், அங்கே அபிச்சுவேலா என்பது பச்சைப் பீன்ஸ். ஸ்பெயினுக்குள்ளேயே அலூபியா என்பார்கள், அஸ்தூரியாஸ் பக்கம் போனால் ஃபாபே என்பார்கள். ஸ்பானியம் 20 நாடுகளின் ஆட்சிமொழி. பாடப்புத்தகத்துக்கோ ஒரே ஒரு நாடு.

கொஞ்ச காலம் இதை ஒரு தொல்லையாகத்தான் பார்த்தேன். அப்புறம் ஒரு ஒழுங்கு கண்ணில் பட்டது. ரொட்டி எல்லா நாட்டிலும் பான் தான். பால் எங்கேயும் லேச்சே. உப்பு சால், ஒயின் வீனோ, வெங்காயம் செபோயா, பூண்டு ஆஹோ, சீஸ் கேசோ, முட்டை வேவோ. மெக்சிகோவோ சிலியோ, இவற்றில் மாற்றம் இல்லை. இவையெல்லாம் ஸ்பானியர்கள் கப்பலில் தங்களோடு கொண்டுபோன பொருட்கள். பெயர் மாறி மாறி வருபவை பெரும்பாலும் அவர்கள் கரை இறங்கிய இடத்தில் முதன்முதலாகப் பார்த்தவை: மக்காச்சோளம், மிளகாய், பீன்ஸ், உருளை, கடலை, வெண்ணெய்ப்பழம். பொருளை யார் வளர்த்தார்களோ அவர்கள் வைத்த பெயரே அந்தந்த வட்டாரத்தில் நின்றது. நாட்டைப் பிடித்தார்கள், கோயில்களை இடித்தார்கள், ஆட்சிமொழியை மாற்றினார்கள். சந்தைக்குப் போய்க் காய் வாங்க மட்டும் தோற்றவர்களின் சொல்லைத்தான் கடன் வாங்க வேண்டியிருந்தது.

விதிவிலக்கு இல்லாமல் இல்லை. பட்டாணி பழைய உலகத்துப் பயிர்; ஆனாலும் ஸ்பெயினில் கிசாந்தே, தென் அமெரிக்காவில் பல இடங்களில் அர்வேஹா, மெக்சிகோவில் சீச்சரோ. பீச் பழமும் இரண்டு பெயரில் திரிகிறது. இருந்தாலும் ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் என் கணக்கு தேறும்.

ஸ்பானியர்கள் 'தங்களோடு கொண்டுபோனது' என்றேனே, அதிலும் பாதி கடன்தான். 711-இல் அரபுப் படைகள் ஸ்பெயின் இருக்கும் ஐபீரியத் தீபகற்பத்துக்குள் நுழைந்தன. கடைசி முஸ்லிம் அரசான கிரனாடா விழுந்தது 1492-இல். இடைப்பட்ட காலத்தில் வாய்க்கால் வெட்டி நெல்லும் கரும்பும் நாரத்தையும் கத்தரியும் பயிரிட்டவர்கள் அரபு பேசியவர்கள். ஆகவே அரிசி அர்ரோஸ், சர்க்கரை அசூக்கர், குங்குமப்பூ அசஃப்ரான், கூனைப்பூ (ஆர்டிசோக்) அல்கச்சோஃபா. பல சொற்களின் முன்னால் வரும் அந்த 'அல்' அரபு மொழியின் முன்னொட்டு. அடுத்து வரும் எழுத்தைப் பொறுத்து அது 'அர்', 'அஸ்' என்று திரியும். கேட்டவர்கள் அதுவும் சொல்லோடு சேர்ந்தது என்று நினைத்து அப்படியே விழுங்கிவிட்டார்கள். எனக்குப் பிடித்தது ஆலிவ் விஷயம். மரத்துக்கு லத்தீனிலிருந்து வந்த பெயர், ஒலிவோ. அதில் காய்ப்பதற்கு அரபுப் பெயர், அசெய்த்தூனா. பிழிந்து எடுக்கும் எண்ணெயும் அரபுதான், அசெய்த்தே. ரோமானியர் காலத்திலிருந்தே நிற்கும் மரம் பழைய பெயரோடு தோட்டத்தில் நிற்க, சமையலறைக்குள் வந்ததெல்லாம் பெயர் மாறிவிட்டது.

இந்த அரபுச் சொற்களில் சில நம் பக்கத்திலிருந்து கிளம்பியவை. ஆரஞ்சு ஸ்பானியத்தில் நாரான்ஹா. அரபு, பாரசீகம், சமஸ்கிருதம் என்று பின்னோக்கிப் போனால் கடைசியில் ஏதோ ஒரு திராவிட மொழியின் வாசலில் நிற்கும் என்பது பல அறிஞர்களின் கருத்து. நாரத்தை ஊறுகாய் போட்டுப் பழகியவர்களுக்கு அதில் ஆச்சரியம் இருக்காது. தர்பூசணி சந்தீயா, 'சிந்து நாட்டுப் பழம்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. அரிசியிலிருந்துதான் அர்ரோஸ் வந்தது என்று தமிழில் உற்சாகமாக எழுதுவார்கள். அரபு வழியாகக் கிரேக்கம் வரைக்கும் பாதை தெளிவு. அதற்கு அப்பால் அறிஞர்களுக்குள் ஒற்றுமை இல்லை. இஞ்சிக்கு வேண்டுமானால் தைரியமாக உரிமை கோரலாம். ஸ்பானிய ஹென்ஹீப்ரேயைக் குடைந்துகொண்டே போனால் அடியில் 'இஞ்சி வேர்' கிடக்கிறது.

காரம் கட்டத்துக்கு வருவோம். கொலம்பஸ் தேடிப் போனது மிளகை. கரீபியத் தீவுகளில் தைனோ மக்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தது அஹீ, அதாவது மிளகாய். 1493 ஜனவரியில் தன் நாட்குறிப்பில் அவர் அதைப் பற்றி எழுதுகிறார் (நமக்குக் கிடைப்பது லாஸ் காசாஸ் என்ற பாதிரியார் பிரதியெடுத்த வடிவம்): இது இவர்களுடைய மிளகு, நம் மிளகைவிட மதிப்பானது. வாங்கப் போன பொருள் கிடைக்கவில்லை, கிடைத்த பொருளுக்கு அந்தப் பெயரை வைத்தாயிற்று. ஸ்பானியத்தில் மிளகு பிமியென்தா, குடைமிளகாய் வகையெல்லாம் பிமியென்தோ. கடைசி எழுத்து மட்டும் வேறு. நாமும் அதையேதான் செய்திருக்கிறோம்: மிளகு, மிளகாய். உலகத்தின் எதிரெதிர் மூலைகளில் இருந்தவர்கள் அந்தக் காயைக் கடித்ததும் ஒரே மாதிரி யோசித்திருக்கிறார்கள்.

ஸ்பெயின் மெனுவில் பிமியென்தோ என்று பார்த்தால் காரம் கட்டத்தில் பெரும்பாலும் டிக் வேண்டியதில்லை. மெக்சிகோ மெனுவில், அந்நாட்டுப் பூர்வகுடி மொழியான நவாட்டிலிலிருந்து வந்த சிலே என்ற சொல் இருந்தால் டிக் போட்டுவிடலாம். பெரு, பொலிவியா பக்கம் தீவுக்காரர்களின் அஹீயே வழங்குகிறது. ஸ்பானியர்கள் அதைப் படகில் தெற்கே கொண்டுபோனார்கள். பிமென்தோன் என்றால் ஸ்பெயினில் மிளகாய்த்தூள், கொலம்பியாவிலும் சிலியிலும் முழுக் குடைமிளகாய். கலீசியாவின் பத்ரோன் ஊர் மிளகாயை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. சின்னச் சின்னப் பச்சைக் காய்கள்; எண்ணெயில் பொரித்துக் கல்லுப்பு தூவித் தட்டில் தருவார்கள். சில காரும், சில காராது. ஊரில் அதைப் பற்றிய சொலவடையே இதுதான். எங்கள் கட்டத்தில் 'ஆம்', 'இல்லை' இரண்டுதான் உண்டு.

காரம் தப்பானால் யாராவது தண்ணீர் குடிப்பார்கள். நிலக்கடலை தப்பானால் அலர்ஜி உள்ளவர் ஆஸ்பத்திரிக்குப் போவார். அதனால் எங்கள் வேலையில் அதிகம் பயந்து பார்ப்பது கடலையைத்தான். அதற்கோ குறைந்தது மூன்று பெயர். மனீ என்பது தைனோ சொல். கரீபியத்திலிருந்து அர்ஜென்டினா வரை அதுதான். மெக்சிகோவில் கக்கவாத்தே. ஸ்பெயினில் அதையே கொஞ்சம் வளைத்துக் கக்கவேத்தே. பொலிவியாவின் சோப்பா தே மனீ பெயரிலேயே கடலையைச் சொல்லிவிடுகிறது, நல்ல பிள்ளை. ஈக்வடாரின் குவாத்தீத்தா வாயைத் திறக்காது: மாட்டு இரைப்பையும் உருளையும் போட்ட குழம்பு, கெட்டியாக இருப்பது கடலை அரைத்து ஊற்றியதால். மெக்சிகோவின் சல்சா மாச்சாவும் அப்படித்தான். எண்ணெயில் வறுத்த மிளகாயை மட்டும் பெயர் போட்டு, கூடவே வறுத்த கடலையைச் சொல்லாமல் விட்டுவிடுவார்கள்.

கடலையின் சொந்த ஊர் தென் அமெரிக்கா. வடக்கே மெக்சிகோவுக்கு அது போனபோது நவாட்டில் பேசியவர்களுக்குச் சாக்லேட் செய்யும் கக்காவோ விதை ஏற்கெனவே தெரியும். மண்ணுக்குள் கிடைக்கும் கக்காவோ என்று பொருள்பட த்லால்கக்காவாட்ல் என்றார்கள். முன்னால் இருந்த 'மண்' உதிர்ந்து, மிச்சம் கக்கவாத்தே ஆயிற்று. கொண்டைக்கடலை தெரிந்த நாம் மண்ணுக்குள் விளைந்ததைப் பார்த்து நிலக்கடலை என்றோம். அவர்களிடம் போய்க் கேட்டா வைத்தோம்?

ஆனால் எங்கள் விழுப்புரம் பக்கம் யாரும் நிலக்கடலை என்று சொல்ல மாட்டார்கள். மல்லாட்டை. எழுத்துத் தமிழில் மணிலாக்கொட்டை. சின்ன வயதில் களத்து மேட்டில் உட்கார்ந்து மல்லாட்டை உரித்தபோது அந்தச் சொல்லுக்குள் ஒரு பிலிப்பைன்ஸ் துறைமுகம் இருப்பது தெரியாது. மணிலாவை ஆண்டவர்கள் ஸ்பானியர்கள். 1565 முதல் 1815 வரை மெக்சிகோவின் அக்கபுல்கோவுக்கும் மணிலாவுக்கும் இடையே அவர்களுடைய கப்பல்கள் போய் வந்துகொண்டிருந்தன. மெக்சிகோ வெள்ளி இந்தப் பக்கம் வந்தது, சீனப் பட்டு அந்தப் பக்கம் போனது. செடிகளும் விதைகளும் சும்மா ஏறிக்கொண்டன. கடலை நம் வயலுக்கு வந்த வழியை மல்லாட்டை என்ற பெயர் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறது. அலுவலகத்தில் கக்கவாத்தேவுக்கு டிக் போடும்போதெல்லாம் இது ஞாபகம் வரும். கோயம்புத்தூர்ப் பெண்ணிடம் மல்லாட்டை என்று சொன்னால் அவளுக்குப் புரியவில்லை என்பதும் ஞாபகம் வரும். 20 நாடு ஸ்பானியத்தைக் குறைசொல்லி என்ன பயன்?

தக்காளியிலும் இதுபோல ஒரு சிக்கல் உண்டு. மெக்சிகோ நகரத்து மெனுவில் தொமாத்தே என்று இருந்தால் அது சிவப்புத் தக்காளி இல்லை. மேலே காகிதம் மாதிரி உறை போர்த்திய பச்சைக் காய். பச்சை சல்சா அதில்தான் செய்வார்கள். சிவப்பு வேண்டும் என்றால் ஹித்தொமாத்தே என்று கேட்க வேண்டும். தொமாட்ல் என்ற நவாட்டில் சொல் இப்படிப்பட்ட பல காய்களுக்குப் பொதுவானது. முன்னால் 'தொப்புள்' என்று சேர்த்தால் சிவப்புத் தக்காளி. ஸ்பானியர்கள் தொப்புளை விட்டுவிட்டு மிச்சத்தை ஐரோப்பாவுக்கு எடுத்துப்போனார்கள். அந்தப் பச்சைக் காய்க்கு நம்மூரில் நெருங்கிய சொந்தம் உண்டு: வேலியோரம் உறைக்குள் காய்த்து, நெற்றியில் அடித்தால் 'டப்' என்று வெடிக்கும் சொடக்குத் தக்காளி. இரண்டும் ஒரே பேரினம்.

அடுத்து மக்காச்சோளம். மாயீஸ் என்ற தைனோ சொல்லை ஸ்பானியர்கள் முதலில் கேட்டு எல்லா இடத்துக்கும் கொண்டுபோனதால் காய்ந்த தானியத்துக்கு அதுவே பொதுப்பெயர். இளங்கதிருக்கு மட்டும் ஊருக்கு ஊர் பெயர்: மெக்சிகோவில் எலோத்தே, ஆண்டீஸ் மலைப்பக்கமும் அர்ஜென்டினாவிலும் சோக்லோ, வெனிசுவேலாவில் ஹோஹோத்தோ. இது பட்டியல் போட்டுக்கொண்டால் தீர்ந்துவிடும். தீராதது தோர்த்தீயா.

ஸ்பெயினில் தோர்த்தீயா முட்டையும் உருளைக்கிழங்கும் சேர்த்துத் தடிமனாகச் சுடும் அடை. வெங்காயம் போடலாமா கூடாதா என்று நாடே இரண்டாகப் பிரிந்து சண்டை போடும். மெக்சிகோவில் தோர்த்தீயா மக்காச்சோள மாவில் தட்டிச் சுடும் மெல்லிய ரொட்டி. முட்டைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அங்கே அதன் பழைய பெயர் த்லாஷ்கல்லி. வந்திறங்கியவர்கள் பார்த்துவிட்டு 'குட்டித் தோர்த்தா', அதாவது குட்டி அடை, என்று தங்கள் ஊர்ப் பெயரை ஒட்டிவிட்டார்கள். ஆக, நான் மேலே சொன்ன கணக்கு இங்கே தலைகீழ். ரொட்டிக்குப் பெயர் வைத்தவர் வென்றவர். ஆனால் அந்த மாவைத் தயாரிக்கும் முறைக்குப் பெயர் இன்றுவரை நிஷ்தமால், நவாட்டில் சொல். 'சாம்பல்' என்பதும் 'தமால்' (சோள மாவைப் பொதிந்து அவிக்கும் பண்டம்) என்பதும் அதற்குள் இருக்கின்றன.

நிஷ்தமால் என்றால் காய்ந்த சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, இரவெல்லாம் ஊறவிட்டு, தோலைக் கழுவித் தள்ளிவிட்டு அரைப்பது. மாவு பிசுபிசுப்பாகச் சேரும், கையால் தட்ட வரும். அதைவிட முக்கியமாக, சோளத்தில் உடம்புக்கு எட்டாதபடி கட்டுண்டு கிடக்கும் நியாசின் என்ற வைட்டமின் அவிழ்ந்து வரும். நியாசின் பற்றி மெக்சிகோக் கிழவிகளுக்குத் தெரியாது, ஆனால் சுண்ணாம்பு இல்லாமல் சோளம் வேகவைக்க மாட்டார்கள். ஸ்பானியர்கள் கப்பலில் விதையை ஏற்றினார்கள், மாயீஸ் என்ற சொல்லை ஏற்றினார்கள், சுண்ணாம்பைக் கரையிலேயே விட்டுவிட்டார்கள். விளைவு, சோளத்தையே நம்பிப் பிழைத்த ஏழைகள் தோல் சிவந்து வெடித்து, புத்தி தடுமாறி, செத்தார்கள். வட ஸ்பெயினின் அஸ்தூரியாஸில் இந்த நோயை 1735-இல் முதன்முதலில் விவரித்தவர் காஸ்பர் கசால் என்ற மருத்துவர். உள்ளூரில் அதற்கு 'ரோஜா நோய்' என்று பெயர். பின்னால் வந்த பெயர் பெல்லாக்ரா. காரணம் புரிய இருபதாம் நூற்றாண்டு ஆயிற்று. சமையல் சொற்களைப் பற்றி யாராவது 'வெறும் சொல்தானே' என்றால் நிஷ்தமால் என்ற ஒரு சொல்லைக் கடன் வாங்காததால் எத்தனை பேர் போனார்கள் என்று எனக்குச் சொல்லத் தோன்றும்.

உருளைக்குப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆண்டீஸ் மலைமக்களின் கெச்சுவா மொழியில் பாப்பா. அமெரிக்கக் கண்டத்தில் முழுக்க அதுவே. ஸ்பெயினில் அதையும் சர்க்கரைவள்ளியின் பெயரான பத்தாத்தாவையும் குழப்பி, பத்தாத்தா என்று ஒன்றை உண்டாக்கினார்கள். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. வள்ளிக்கிழங்குக்கு பலூனில் வரும் ப, உருளைக்குப் பழத்தில் வரும் ப. (மற்றபடி ஸ்பானிய உச்சரிப்பு தமிழ் வாய்க்கு லகு. அவர்களுடைய த நம் த தான். ஆங்கிலேயர் தடுமாறும் 'ர்ர'வும் நமக்குப் பிறவியிலேயே வரும்.) வெண்ணெய்ப்பழம் மெக்சிகோவில் நவாட்டில் வழி அகுவாக்காத்தே, பெருவிலும் சிலியிலும் அர்ஜென்டினாவிலும் கெச்சுவா வழி பால்தா. பப்பாளியைப் பல நாடுகளில் பப்பாயா என்று கேட்கலாம், ஹவானாவில் மட்டும் கூடாது. அங்கே அது பெண்ணின் அந்தரங்க உறுப்புக்கான கொச்சைச் சொல். பழக்கடையில் ஃப்ரூத்தா போம்பா, 'குண்டுப் பழம்', என்றுதான் கேட்க வேண்டும். இதை எந்தப் பாடப்புத்தகமும் சொல்லித் தராது, நியாயம்தான்.

பானங்களுக்கு வந்தால் என் கணக்கு உதவாது. அங்கே எல்லாம் பழக்கம்தான். தின்தோ என்றால் ஸ்பெயினில் சிவப்பு ஒயின். கொலம்பியாவில் காலை ஏழு மணிக்கு அலுவலகத்தில் எல்லோர் கையிலும் தின்தோ இருக்கும். அது சின்னக் கோப்பையில் கறுப்புக் காபி. தெருவில் பிளாஸ்கோடு நின்றும் விற்பார்கள். அதில் பால் கலந்தால் போகோட்டாவில் பெரீக்கோ. எல்லை தாண்டி வெனிசுவேலாவில் பெரீக்கோ கேட்டால் தக்காளி, வெங்காயம் போட்டுக் கிளறிய முட்டை வரும். பெரீக்கோ என்றால் கிளி. முட்டையின் நிறங்களைப் பார்த்தால் அந்தப் பெயர் புரிகிறது. பால் காபிக்கு எப்படிக் கிளி வந்தது என்பதுதான் புரியவில்லை.

கொலம்பியாவில் பீருக்குச் செல்லப் பெயர் போலா. ஸ்பானிய ஆட்சிக்கு எதிராக உளவு பார்த்து, 1817-இல் போகோட்டாவில் சுட்டுக் கொல்லப்பட்ட பொலிகார்ப்பா சலவர்ரியேத்தா என்ற இளம்பெண்ணை 'லா போலா' என்று அழைப்பார்கள். பின்னால் ஒரு மதுத் தொழிற்சாலை அவர் பெயரில் பீர் வெளியிட்டது. பீர் போய்விட்டது, சொல் தங்கிவிட்டது. தியாகிக்கு இப்படியொரு நினைவுச்சின்னமா என்று எனக்கு முதலில் சங்கடமாக இருந்தது. ஆனால் தினமும் இத்தனை வாய்களில் பெயர் அடிபடும் தியாகிகள் வேறு எத்தனை பேர்?

ஓர்ச்சாத்தாதான் எங்கள் குழுவில் அதிகம் சண்டை மூட்டியது. வலென்சியாவில், முக்கியமாக அல்போராயா பக்கம், அது சூஃபா என்ற சின்னக் கிழங்கை ஊறவைத்து அரைத்துப் பிழிந்த பால். கோரைப்புல் குடும்பத்துச் செடி, மணலில் விளையும். ஆங்கிலத்தில் அதன் பெயரில் 'நட்' என்று வருவதால் யாரோ கொட்டைப் பருப்பு கட்டத்தில் டிக் போட்டு வைத்திருந்தார்கள். அது கொட்டையே இல்லை, கிழங்கு. மெக்சிகோவில் ஓர்ச்சாத்தா என்பது ஊறவைத்த அரிசியைப் பட்டையோடு அரைத்து, சர்க்கரை போட்டு, ஐஸ் மிதக்க விட்டது. சில கடைகளில் பாலும் பாதாமும் சேரும். எல் சல்வதோரில் மோர்ரோ என்ற மரத்தின் விதையில் செய்வார்கள். ஈக்வடாரின் லோஹாவில் அது மூலிகைகளைக் கொதிக்கவைத்த இளஞ்சிவப்புக் கஷாயம். நான்கு பானம், நான்கு விதமான டிக். அரகோன் அரசர் ஒருவர் வலென்சியாவில் இதைக் குடித்துவிட்டு 'இது தங்கமடி பெண்ணே' (அவர் மொழியில் 'ஓர், ச்சாத்தா') என்றாராம், அதிலிருந்து பெயர் வந்ததாம். கதை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் கதைதான். லத்தீனில் பார்லிக்கு ஓர்தெயும். ஓர்ச்சாத்தா முதலில் பார்லித் தண்ணீர். பார்லி எப்போதோ கழன்றுகொண்டது, பானையும் பெயரும் மிச்சம். ஊறவைத்து அரைத்துப் பிழிந்தால் வெள்ளையாக வரும் எதையும் அதில் ஊற்றிக்கொண்டார்கள்.

அர்ஜென்டினா பக்கத்துப் பானமான மாத்தே நல்லவேளையாக டெலிவரிக்கு அதிகம் வருவதில்லை. சுரைக்குடுக்கையில் இலையைப் போட்டு, சுடுதண்ணீர் ஊற்றி, பொம்பீயா என்ற உலோகக் குழலால் உறிஞ்சுவது. மாத்தே என்பதே குடுக்கைக்கான கெச்சுவாச் சொல்தான். ஒருவர் ஊற்ற, ஒரே குடுக்கை வட்டமாகச் சுற்றி வரும். நடுவில் மரியாதைக்கு 'கிராசியாஸ்', நன்றி, என்று சொன்னால் 'எனக்குப் போதும்' என்று அர்த்தம். அடுத்த சுற்று உங்களுக்கு வராது. பாடப்புத்தகத்தின் முதல் பக்கத்தில் கற்றுத் தரும் சொல் அது. ஸ்பெயின்காரரிடம் பொம்பீயா கேட்டால் மின்சார பல்பைக் கொண்டுவந்து தருவார் என்பது தனி.

ஸ்பானியம் படிக்கலாமா, எந்தப் புத்தகம் நல்லது என்று கேட்டு அடிக்கடி மடல் வருகிறது. புத்தகம் எதுவானாலும் சரி. உணவுப் பாடம் வரும்போது மட்டும் அதை மூடி வைத்துவிட்டு, ஏதாவது ஒரு நாட்டைத் தேர்ந்தெடுத்து அந்த ஊர் மளிகைக்கடை விளம்பரத் தாளையும் உணவக மெனுவையும் படியுங்கள். ஒரு நாடு பிடிபட்ட பிறகு அடுத்தது. ஸ்பானிய மொழிக் கழகங்கள் எல்லாம் சேர்ந்து 2010-இல் 'அமெரிக்கச் சொல் அகராதி' ஒன்று வெளியிட்டன. எந்தச் சொல் எந்த நாட்டில் என்ன என்று நாட்டுக் குறியோடு தரும், இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். எங்கள் மேசையில் அது எப்போதும் திறந்தே இருக்கும்.

அந்த அகராதியாலும் தீர்க்க முடியாத ஒன்று இப்போது எங்கள் வரிசையில் நிற்கிறது: மெக்சிகோ நகரத்துக் கெசதீயா. பெயரிலேயே கேசோ, சீஸ், இருக்கிறது. நாட்டின் மற்ற பகுதிகளில் சீஸ் இல்லாமல் கெசதீயா கிடையாது. தலைநகரில் மட்டும் மடித்த தோர்த்தீயாவுக்குள் பூசணிப்பூவோ, சோளக்கதிரில் பூக்கும் வித்லகோச்சே காளானோ வைத்துக் கொடுத்தாலும் கெசதீயாதான். சீஸ் வேண்டுமென்றால் 'சீஸோடு' என்று தனியாகச் சொல்ல வேண்டும். வெளியூர்க்காரர்கள் இதற்காகத் தலைநகர்க்காரர்களைக் கேலி செய்து ஓய்வதில்லை. பால் கட்டத்தில் டிக் போட்டால் பால் ஒத்துக்கொள்ளாதவருக்கு ஒரு நல்ல பூசணிப்பூக் கெசதீயா போச்சு; போடாவிட்டால், கடைக்காரர் வேறு ஊரிலிருந்து வந்து கடை போட்டவராக இருந்தால், வம்பு. கடைக்குக் கேள்வி அனுப்பினோம். பதில் வந்தது: "வாடிக்கையாளர் இஷ்டம்."

இப்போதைக்கு டிக் போட்டு வைத்திருக்கிறோம்.